லிஃப்ட் கம்பெனி வழக்கும் என் மகளின் வேலையும்

என் அருமைச் சின்ன வக்கீலுக்கு,

பெரிய வக்கீல் எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் இங்கே சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. அதன் தரப்பு வாதத்தைக் கீழே தனியாகப் பதிவு செய்கிறேன்.

முதலில் நல்ல சேதி. கடல் தாண்டி நீ படிக்கப் போன ஊரிலேயே, அவ்வளவு பெரிய சட்ட நிறுவனத்தில், அதுவும் நீ ஆசைப்பட்ட கப்பல் சட்டப் பிரிவிலேயே வேலை கிடைத்திருக்கிறது என்று நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "யார்கிட்டயும் சொல்லாதம்மா, கையெழுத்துப் போட்டப்புறம் சொல்லிக்கலாம்" என்று வேறு சொல்லிவிட்டாய். என்னைப் போன்ற வம்புக்காரிக்கு இதைவிடக் கொடிய தண்டனை எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஆனாலும் வாயைக் கட்டிக்கொண்டேன். "என்ன மேடம், இன்னிக்கு முகம் பளபளன்னு இருக்கு?" என்று ஆபீசில் கேட்டார்கள். வியர்வை என்றேன். அதுவும் பொய்யில்லை.

ஏனென்றால் எங்கள் ஆபீஸ் லிஃப்ட் படுத்துவிட்டது. ஏழாவது மாடி. லிஃப்ட் கம்பெனியின் மேல் வந்த புகாரை நாங்கள் விசாரணைக்கு எடுத்தோம் என்று போனமுறை எழுதியிருந்தேனே, அதே கம்பெனியின் லிஃப்ட்தான் எங்கள் கட்டடத்திலும். நாங்கள் நோட்டீஸ் அனுப்பிய மறுவாரம் அது நின்றது. கேட்டால், ஏதோ ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமாம். பாகம் வருகிற வரைக்கும் போட்டி ஆணையத்தின் தலைவி படியேறுகிறாள். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்குகிறது, நான்காவதில் கோபம் வருகிறது, ஏழாவதில் தீர்ப்பே மனசுக்குள் எழுதி முடித்துவிடுகிறேன். இப்படியே போனால் வாதம் கேட்பதற்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிட்டேன் என்று என் மேல் கேஸ் போடுவார்கள்.

வழக்கு சின்னதுதான். கம்பெனி லிஃப்டை மலிவாக விற்கிறது. வாங்கி மாட்டியபிறகு அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஒரு ரகசிய எண் இருக்கிறது. கம்பெனி ஆள் வந்து அந்த எண்ணைப் போட்டால்தான் பெட்டி பேசும். வெளி மெக்கானிக் தொட்டால் ஊமையாகிவிடும். ஆக, ரிப்பேருக்கு அவர்கள் கேட்டதுதான் கூலி. "பிடிக்கலைன்னா வேற கம்பெனி லிஃப்ட் வாங்கிக்கலாமே, சந்தை திறந்துதானே கிடக்கு?" என்கிறார்கள். கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்தபிறகு, ஊரில் வேறு மாப்பிள்ளைகளும் இருக்கிறார்களே என்று சொல்வது மாதிரி.

புகார் கொடுத்தவர் ஒரு குடியிருப்பின் செயலாளர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாம் மாடியில் வீடு. கூலி கட்டுப்படியாகவில்லை என்று குடியிருப்பினர் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காததால் லிஃப்ட் நின்றுபோய், சக்கர நாற்காலியில் இருக்கும் அவருடைய கணவர் மழைக்காலத்துக்கு முன்னால் மேலே போனவர் இன்னும் கீழே இறங்கவில்லை. டாக்டர்தான் மேலே ஏறிப் போகிறார். அந்த அம்மாவுக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. என்னையே, "நீங்க சட்டம் படிச்சவங்களா, இல்ல சட்டத்தைச் சும்மா அடுக்கி வெச்சிருக்கவங்களா?" என்று கேட்டுவிட்டார். பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று.

உன் வேலைச் சேதி கேட்டதும் என் ஆரம்ப நாட்கள் ஞாபகம் வந்தன. இந்தச் சட்டத்தை நான் படிக்கப் போனபோது நம் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பெரிய கம்பெனிகள் கைகோத்துக்கொண்டு விலை வைப்பதைத் தடுக்கிற சட்டம் என்றேன். என் சித்தப்பா, "அவங்க கடை, அவங்க விலை. உனக்கு என்னம்மா வயித்தெரிச்சல்?" என்றார். அவருக்குப் பதில் சொல்வதற்காகவே ஆராய்ச்சி செய்து புத்தகமும் போட்டேன். சித்தப்பா பெருந்தன்மையாக ஒரு பிரதி வாங்கி, காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தார். விற்ற பிரதிகளில் ஊருக்கு உபயோகப்பட்டது அது ஒன்றுதான். பிறகு கல்லூரியில் மதியச் சாப்பாடு முடிந்தவுடன் வரும் வகுப்பை வருஷக்கணக்கில் எனக்கே ஒதுக்கினார்கள். ஏகபோகம் என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் இந்த ஊர் வக்கீல்களில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வருகிறது என்றால் அந்தப் புகழ் என்னையே சேரும்.

அப்புறம்தான் அரசாங்கம் ஆணையத்துக்குக் கூப்பிட்டது. புத்தகம் எழுதுகிறவள் கடிக்கமாட்டாள் என்று யாரோ தப்புக்கணக்குப் போட்டிருக்கிறார்கள். முதல் வருஷமே சீருடைத் துணி வியாபாரிகள் மாட்டினார்கள். கூட்டம் போட்டு விலையை முடிவு செய்துவிட்டு, சட்டத்துக்குப் பயந்து, 'இன்றைய கூட்டத்தில் விலை பற்றி யாரும் பேசவில்லை' என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டு எல்லோரும் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். இவ்வளவு நல்ல மனிதர்களுக்கு அபராதம் போட எனக்கே மனசு வரவில்லை. போட்டேன்.

உன் அப்பா உனக்குத் தனியாக எழுதமாட்டார். பல் டாக்டர்களுக்கு எதிராளி வாயைத் திறந்து வைத்திருந்தால்தான் பேச்சு வரும். நேரத்துக்குச் சாப்பிடு. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தின் சின்ன எழுத்துகளை இரண்டு தடவை படி.

பெருமை தாங்காத,
அம்மா

*

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு.

நேற்றுக் காலை நான்காவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். லிஃப்ட் கம்பெனியின் வக்கீல் பின்னாலேயே ஏறி வந்தார். வெண்ணெய் என்று அவருக்குப் பெயர். நான் வைத்ததல்ல, நீதிமன்றமே வைத்தது. அவ்வளவு வழவழப்பாகப் பேசுவார். அவருக்கும் மூச்சு வாங்கியதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். அது நீடிக்கவில்லை. "பொண்ணுக்குப் பெரிய இடத்துல வேலை கிடைச்சிருக்காமே மேடம்! ரொம்ப சந்தோஷம். இனிமே நீங்க இந்தப் படியெல்லாம் ஏறிக் கஷ்டப்பட வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு எனக்கு முன்னால் ஏறிப் போய்விட்டார்.

உன் வேலையைப் பற்றி நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவைக் குறுக்கு விசாரணை செய்தேன். மனிதர் பயந்துபோய், ஒரே ஒரு நோயாளியிடம் சொன்னதாகவும், அவருக்கு அப்போது வாயெல்லாம் பஞ்சு என்றும், தாடை மரத்துப்போயிருந்தது என்றும் ஒப்புக்கொண்டார். பஞ்சுக்காரரை விடுதலை செய்தேன்.

முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்யாத மண்டூகமாகிய நான், பிறகுதான் உன் புது நிறுவனம் யார் யாருக்கு வக்கீல் என்று பார்த்தேன். ஒளிவு மறைவே இல்லை, அவர்களே பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். லிஃப்ட் கம்பெனியின் தலைமையகத்துக்கு வருஷக்கணக்காக அவர்கள்தான் வக்கீல். நீ கப்பல் பிரிவுக்கு விண்ணப்பித்தவள், லிஃப்டைப் பற்றி உனக்கென்ன தெரியும்? எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இதில் என்ன வந்தது என்று நீ கேட்பாய். வழக்கில் வாதாடும் கட்சிக்கு வேலை பார்க்கும் சட்ட நிறுவனத்தில் ஆணைய உறுப்பினரின் பிள்ளை வேலைக்குச் சேர்ந்தால், உறுப்பினர் அந்த வழக்கிலிருந்து விலக வேண்டும். விதி அப்படி. பிள்ளை வேறு பிரிவில் இருந்தால் பரவாயில்லை என்று முதலில் ஒரு விலக்கு இருந்தது. அந்த ஓட்டையை அடைத்தே ஆகவேண்டும் என்று குழுவில் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு எடுக்க வைத்த வீராங்கனை யார் தெரியுமா? உன் அம்மாதான். கைதட்டினார்கள்.

ஆணையத்தில் மூன்று நாற்காலி. ஒன்று வெகுநாளாகக் காலி. இன்னொன்றில் நம் தலையாட்டி. வாதம் எந்தப் பக்கம் போனாலும் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருப்பாரே, அவர்தான். விசாரணை நடக்க இரண்டு பேர் வேண்டும். நான் எழுந்தால் வழக்கு அப்படியே படுத்துவிடும், புது ஆளைப் போடுகிற வரைக்கும். போடுவது அமைச்சகம். அவர்களுக்கு என்ன அவசரம்?

அமைச்சகத்துச் செயலாளரும் போன் செய்தார். குரலில் அவ்வளவு பாசம். "ஒரு மாசம் லீவு போடுங்க மேடம், பொண்ணைக் கொண்டுபோய்க் குடி வெச்சுட்டு வாங்க. உங்க பதவி நீட்டிப்பு ஃபைலும் என் மேஜையிலதான் இருக்கு, பார்த்துக்கலாம்" என்றார். "என் பொண்ணு கப்பல் சட்டம் படிச்சவ சார், கடல் தாண்டத் தெரியும். ஃபைலுக்குத்தான் மேஜை தாண்டத் தெரியல போல" என்றேன். பாசம் அத்துடன் அறுந்தது.

இனி நான் செய்யப் போவதைச் சொல்கிறேன். வியாழக்கிழமை விசாரணை. எல்லோர் முன்னாலும், பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, இப்படி ஒரு வேலை என் மகளுக்கு வந்திருக்கிறது என்று நானே சொல்லப் போகிறேன். நீ சேரும் நாளில் நான் எழுந்து போவேன், அதுவரை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன் என்றும் சொல்லப் போகிறேன். ஒளித்து வைத்தால் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். கூட்டத்தில் போட்டு உடைத்தால் யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

உன்னைச் சேராதே என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால், இந்தக் கம்பெனி வெளி மெக்கானிக்குகளுக்குச் செய்வதை நான் உனக்குச் செய்ததாக ஆகும். நீ அந்த வேலைக்குத் தகுதியானவள். அது எனக்குத் தெரியும், உன் பேராசிரியர்களுக்குத் தெரியும். அவர்கள் அதைப் பார்த்துக் கொடுத்தார்களா, என் நாற்காலியைப் பார்த்துக் கொடுத்தார்களா என்பது மட்டும் தெரியாது. நீ எதை முடிவு செய்தாலும் எனக்கு மகள்தான். யோசித்துச் செய். அப்பாவுக்கு நேற்று ராத்திரியிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு இறங்குகிறது, அதுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உன் முடிவு எதுவானாலும் உன்னோடு நிற்கும்,
அம்மா

*

என் கண்ணே,

முந்தைய கடிதத்தைப் படித்துவிட்டு நீ போனில் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "ஒரு நாள், ஒரே ஒரு நாள், இது எனக்காகக் கிடைச்சதுன்னு நினைச்சுக்க விடமாட்டியாம்மா?" என்றாய். வெட்டிவிட்டாய். எதிர்த்தரப்பு என்ன கேட்டாலும் வாயடைக்கத் தெரிந்தவள் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அன்றைக்குப் போனைக் காதில் வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா வந்து அதை மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தார்.

அப்புறம் நீ பேசவில்லை. வியாழக்கிழமை வந்தது. சொன்னபடி சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. "என் மகளுக்கு" என்று மட்டும் சொன்னேன். வெண்ணெய் உடனே எழுந்து, அதைப் பற்றித் தன் கட்சிக்காரருக்கு ஒன்றுமே தெரியாது, தனக்கும் இப்போதுதான் தெரிகிறது என்று உருகினார். "அப்ப போன வாரம் படிக்கட்டுல வாழ்த்துச் சொன்னது யாரு சார்?" என்று கேட்டேன். "காத்துவாக்குல காதுல விழுந்துச்சு மேடம்" என்றார். "ஏழாவது மாடியில காத்து அதிகம்தான். நாலாவது மாடியிலேயே உங்களுக்கு விழுந்துடுச்சே" என்றேன். பத்திரிகைக்காரர்கள் சிரித்ததையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொன்னேன்.

சமாளித்துக்கொண்டு இன்னொன்று கேட்டார். மேடம் மகள் முடிவு சொல்கிற வரைக்கும் விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டுமாம். அந்த நேரத்தில்தான் அதிசயம் நடந்தது. நம் தலையாட்டி, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, தலையை இடமும் வலமும் ஆட்டினார். "நானும்தான் சார் தினம் படியேறி வரேன். எனக்கு இருதயத்துல ஸ்டென்ட் இருக்கு. தள்ளி வைக்கிற பேச்சே கிடையாது, வாதத்தைத் தொடங்குங்க" என்றார். நான் அவரைப் பற்றி எழுதிய கேலிகளை எல்லாம் இந்த ஒரு வரியால் வாபஸ் வாங்குகிறேன். பட்டப்பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

வாதம் முடிந்து அறைக்கு வந்தபோதுதான் உன் கடிதம் வந்து கிடந்தது.

அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கம்பெனியின் பிடி எவ்வளவு என்று தெரியவேண்டுமானால் எதையும் தலைகீழாகப் புரட்டமாட்டோம். விலையைக் கொஞ்சமே கொஞ்சம் ஏற்றினால் வாங்குகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்போம். அந்தச் சின்ன மாற்றத்தில் யார் எதற்காக வருகிறார்கள் என்பது தெரிந்துவிடும். நான் இதைப் பாடமாக நடத்தினேன், ஊர் கொட்டாவி விட்டது. நீ ஒருநாளும் என் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. அதே சோதனையை நீ தனியாக உட்கார்ந்து உன் வேலைக்கே வைத்துப் பார்த்திருக்கிறாய். அதே வேலை, சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சம்மதம், லிஃப்ட் வழக்கில் தீர்ப்பு வந்தபிறகு மட்டும் சேருகிறேன் என்று கேட்டிருக்கிறாய். உடனே சேர்ந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் இடம் இல்லை என்று அன்றைக்கே பதில் போட்டுவிட்டார்களே! விடாமல் நீ கப்பல் பிரிவின் தலைவிக்கே போன் செய்து, அவர் வெகுளியாக, தங்கள் பிரிவுக்கு இந்த வருஷம் ஆளே கேட்கவில்லை என்று சொன்னாராமே. அந்த இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"வேலை வேண்டாம்னு எழுதிட்டேன். இது உனக்காக இல்ல" என்று முடித்திருந்தாய். புரிகிறது. எனக்காக என்று சொல்லியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

நீ வேலையை மறுத்ததையும் அவர்கள் எழுதிய பதிலையும், உன்னிடம் கேட்டு நீ சம்மதித்த பிறகே, அடுத்த அமர்வில் பதிவு செய்தேன். வெண்ணெய் அன்றைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஜூனியரை அனுப்பியிருந்தார்.

இன்று தீர்ப்பை வாசித்தேன். ரகசிய எண்ணையும் பாகங்களையும் தகுதியுள்ள எந்த மெக்கானிக் கேட்டாலும், தங்கள் ஆட்களுக்குக் கொடுக்கும் அதே விலைக்குக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். அபராதமும் உண்டு. தலையாட்டியும் கையெழுத்துப் போட்டார், என் கையெழுத்தைவிடப் பெரிதாக. வாசித்து முடித்ததும் ஐந்தாம் மாடி அம்மா நேராக என்னிடம் வந்து, "அப்போ எங்க லிஃப்ட் எப்ப ஓடும்?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. மேல்முறையீடு போவார்கள், தடை கேட்பார்கள், இன்னும் நாளாகலாம் என்றேன். "போகட்டும். எந்தக் கோர்ட்டு எந்த மாடியில இருந்தாலும் நான் ஏறி வரேன். அவரு மேலயே இருக்கட்டும், எங்கயும் ஓடிட மாட்டாரு" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் கூடவே கீழ்வரை இறங்கிப் போனேன். எனக்குக் கீழே ஒரு வேலையும் இல்லை.

பதவி நீட்டிப்பு வராது என்று சாயங்காலமே சேதி கசிந்துவிட்டது. வரவேண்டாம். கல்லூரியில் கேட்டேன், மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பு இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். போவேன். இந்தத் தீர்ப்பையே பாடமாக நடத்துவேன். தூங்கட்டும், தூங்குகிறவர்கள் காதிலும் விழும். மேல்முறையீட்டில் தோற்றால் புத்தகம் எழுதுவேன், இந்தத் தடவை ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்க முடியாத அளவுக்கு மெல்லிசாக.

எனக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. அம்பது வயசு தாண்டியவளுக்கு ஒரு நாற்காலி போனால் இன்னொரு நாற்காலி. உனக்குத்தான் முதல் வேலை போயிற்று. சேர்வதற்கு முன்பே போயிற்று, அதுவும் என் வழியாக. அதற்கு எந்த ஆணையத்திலும் நிவாரணம் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் எனக்கு உரிமையில்லை. திரும்ப அதே வியாழக்கிழமை வந்தால் அதையேதான் செய்வேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அங்கேயே இருந்து தேடு. ஊருக்குத் திரும்பி வந்துவிடாதே, அவர்களுக்கு அந்தச் சந்தோஷமும் வேண்டாம். வாடகைக்கு முடியவில்லையென்றால் அப்பாவிடம் கேள், என்னிடம் கேட்க மனசு வராது என்று தெரியும். கோபம் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். திட்டுவதற்காகவாவது ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடு, நான் குறுக்கே பேசமாட்டேன்.

இந்த அம்மாவைக் கேள்விப்படாதவர்கள், கேட்கவும் தோன்றாதவர்கள், உன்னை எதிரில் உட்கார வைத்து, உன் முகத்தை மட்டும் பார்த்து, உனக்கு வேலை தரட்டும். நீ நன்றாக இருப்பாய்.

உன்,
அம்மா